அட்டையில் வராத வசனங்கள்

டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் பக்கத்து வேதக்கோயில்களில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்துப் பரப்பிய அட்டைகளில் ஆளுக்கு ஒன்று. வருகிற வருசத்துக்கு ஆண்டவர் தனக்கென்றே கொடுத்த வார்த்தை அது என்று கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். ஆட்டோ வைத்திருப்பவர் முன்கண்ணாடியில் ஒட்டுவார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று கவனித்தால் இரண்டு வசனங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வாலாக விடாமல் தலையாக வைப்பதாக உறுதி சொல்லும் உபாகமம் 28 ஒன்று. உங்களுக்கு நல்லதையே நினைத்திருக்கிறேன் என்ற பொருளில் வரும் எரேமியா 29 இன்னொன்று.

உபாகமத்தின் அந்த 28ஆம் அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி 54 வசனமும் சாபம். கொள்ளைநோய், மழையில்லா வானம், போரில் தோல்வி என்று ஏறிக்கொண்டே போய், முற்றுகைப் பசியில் பெற்ற பிள்ளையைத் தின்னும் நிலை வரைக்கும் போகிறது. எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எழுதியது. இப்போதைக்கு ஊர் திரும்ப முடியாது, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்கிறது. அட்டையில் வரும் ஆறுதலுக்கு நேர் முந்தின வசனத்தில் கெடு இருக்கிறது: எழுபது ஆண்டு. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் ஒருவரும் அந்த நல்ல நாளைப் பார்த்திருக்க முடியாது.

அட்டை அச்சடிக்கிறவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. கஷ்டத்தில் இருப்பவர் கையில் சாப வசனத்தை யார் கொடுப்பார்கள்? ஆனால் சந்தேகத்தோடு வாசிப்பவனுக்கு வேலை தொடங்கும் இடம் இதுதான். அட்டையைக் கீழே வைத்துவிட்டு அதிகாரம் முழுவதையும் படிப்பது.

விவிலியத்தைக் கேள்வியோடு வாசிக்கும் கட்டுரைகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். இதைச் சொன்னதுமே இரண்டு பக்கமிருந்தும் முகச்சுளிப்பு. விசுவாசம் இல்லாதவன் படித்தால் எழுத்துத்தான் தெரியும், ஆவி தெரியாது என்றார்கள் ஒரு பக்கத்தார். இன்னொரு பக்கம் நம் பகுத்தறிவுத் தோழர்கள். அதில் படிக்க என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் இங்கர்சால் அன்றைக்கே சொல்லிவிட்டாரே என்றார்கள். முதல் பேச்சு எதிர்பார்த்ததுதான். இரண்டாவதுதான் நம்மைச் சங்கடப்படுத்துகிறது.

இங்கர்சாலையும் ரசலையும் சுயமரியாதை இயக்கத்தார் தமிழுக்குக் கொண்டுவந்து மலிவு விலையில் ஊர் ஊராக விற்றார்கள். அது பெரிய காரியம். ஆனால் அதற்குப் பிறகு நம்மில் பலர் மூல நூலைத் திறக்கவே இல்லை. அமெரிக்காவில் வில்லியம் ஹென்றி பர் என்பவர் 1860இல் விவிலிய முரண்பாடுகளைத் தொகுத்து, 144 கூற்றுகளுக்கு ஆதரவாகவும் எதிராகவும் வசனங்களை எதிரெதிரே நிறுத்தி ஒரு நூல் போட்டார். அன்று முதல் அந்தப் பட்டியல்தான் கை மாறி மேடை மேடையாகப் போய்க்கொண்டிருக்கிறது. யூதாஸ் நாண்டுகொண்டு செத்தானா, விழுந்து வயிறு வெடித்துச் செத்தானா? யோசேப்பின் அப்பா யாக்கோபா, ஏலியா? கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். முரண்பாடு ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சுவாரசியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தாவீது ராஜா குடிமக்கள் கணக்கெடுத்தான். அது பாவமாகி, தண்டனையாகக் கொள்ளைநோய் வந்து எழுபதாயிரம் பேர் செத்தார்கள். 2 சாமுவேல் 24 இந்தக் கதையைச் சொல்கிறது. 1 நாளாகமம் 21ம் சொல்கிறது. கணக்கெடுக்கும்படி தாவீதைத் தூண்டியது யார்? சாமுவேல் நூலில் கர்த்தர். நாளாகமத்தில் சாத்தான். எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. முதலாவதில் இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம். அடுத்ததில் 11 லட்சமும் 4 லட்சத்து 70 ஆயிரமும்.

பட்டியல்காரர் இந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு, பாரசீகர் ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. அதை எழுதியவர் முன்னால் பழைய கதை இருக்கிறது. தானே தூண்டிவிட்டுத் தானே எழுபதாயிரம் பேரைக் கொல்லும் கடவுள் அவருக்கே பொறுக்கவில்லை. பழியை வேறொருவன் தலையில் வைக்கிறார். அதே ஆசிரியர் பத்சேபாள் கதையையும் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார். ஊரியாவின் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டதும் ஊரியாவைச் சாகவிட்டதும் நாளாகமத்தில் கிடையாது. அப்படியென்றால் விவிலியத்தின் மேல் முதல் கேள்வியைக் கேட்டவன் ஐரோப்பிய நாத்திகன் இல்லை. உள்ளே உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருவர்தான். முன்னோர் சொன்ன கடவுளோடு அவருக்கு மனத்தாங்கல் இருந்திருக்கிறது.

நோவாவின் வெள்ளக் கதைக்கு வருவோம். ஒரே கதை போலத் தோன்றும். ஆனால் ஆதியாகமம் 6இல் மிருகங்கள் ஜோடி ஜோடியாகப் போதும். 7இல் சுத்தமானவை ஏழேழு வேண்டும். மழை நாற்பது நாள் என்கிறது ஓரிடம். வெள்ளம் நூற்றைம்பது நாள் மேலோங்கியிருந்தது என்கிறது இன்னோரிடம். கடவுளைச் சில வரிகளில் தேவன் என்றும் சில வரிகளில் கர்த்தர் என்றும் சொல்லிவந்து, 7ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் முன்பாதியில் தேவனும் பின்பாதியில் கர்த்தரும் வந்து நிற்கிறார்கள். ழான் அஸ்ட்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1753இலேயே இந்தப் பெயர் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, மோசே இரண்டு பழைய ஏடுகளை இணைத்திருக்கிறார் என்று எழுதினார். 1872இல் ஜார்ஜ் ஸ்மித் பிரிட்டிஷ் மியூசியத்துக் களிமண் பலகையொன்றில் அதற்கும் முந்தைய பாபிலோனிய வெள்ளக் கதையைப் படித்துச் சொன்னார். படகு, மலை, பறவையை அனுப்பிப் பார்ப்பது எல்லாம் அதிலும் உண்டு.

இரண்டு கதையை இணைத்தவர் தையலை மறைக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சங்கரன்கோவில்காரருக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. நம் கோயிலில் சங்கரநாராயணர் எப்படி நிற்கிறார்? ஒரு பாதியில் சடையும் மழுவும் புலித்தோலும், மறு பாதியில் கிரீடமும் சங்கும் பீதாம்பரமும். யாரையும் யாரிலும் கரைக்கவில்லை. சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சண்டை போட்டன, கோமதி அம்மன் தவமிருந்தாள், இருவரும் ஓருருவாகக் காட்சி தந்தார்கள் என்பது தல புராணம். சண்டை நடந்தது நாகங்களுக்குள் இல்லை, மனிதருக்குள்தான் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. இரண்டு கூட்டத்தாரையும் ஒரே வளாகத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கோ இருந்திருக்கிறது. எருசலேமிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

தமிழர் விவிலியத்தைக் குறுக்குக் கேள்வியோடு படித்தது சுயமரியாதைக் காலத்தில் தொடங்கியதில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குள் அவர் மிஷன் வேலையை விட்டுவிட்டார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ போட்டார். விளக்கையும் தூபத்தையும் நைவேத்தியத்தையும் அஞ்ஞானம் என்கிறீர்களே, உங்கள் யெகோவாவின் ஆலயத்தில் குத்துவிளக்கும் தூபபீடமும் சமுகத்தப்பமும் எதற்கு என்று அவர்கள் நூலை வைத்தே மடக்கினார். லேவியராகமத்தை நாவலர் அளவுக்குக் கவனமாகப் படித்த மிஷனரி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே இன்னொருவர் இருந்தார். நாசரேத் மிஷனில் இருந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. வெள்ளைக்காரப் பாதிரிமாரோடு முரண்பட்டு 1850இல் வெளியே அனுப்பப்பட்டவர். அதற்கு முந்தின வருசம்தான் கால்டுவெல் நாடார் மக்களைத் தாழ்த்திப் பேசும் தம் நூலை அச்சிட்டிருந்தார்; அந்தக் கோபம் தேரிக்காட்டுப் பக்கமெல்லாம் புகைந்துகொண்டிருந்தது. சட்டாம்பிள்ளை வேதப்புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓய்வுநாள் சனிக்கிழமை என்றுதானே எழுதியிருக்கிறது, ஞாயிறு எங்கிருந்து வந்தது? எழுதியிருப்பது ஒன்று, இங்கிலாந்துப் பழக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார். 1857இல் இந்துக் கிறிஸ்தவ சபை என்று தனியே கண்டு, சனிக்கிழமை ஆராதனையும் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளுமாக, வெள்ளைப் பாதிரி இல்லாமலே நடத்தினார். பிரகாசபுரம், மூக்குப்பீறிப் பக்கம் அதன் வழிவந்தவர்கள் இன்றும் உண்டு.

இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கொலென்ஸோ என்றொரு பிஷப். பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் புத்தகம் எழுதியவர். ஆதியாகமத்தை சூலு மொழியில் பெயர்க்கும்போது கூட இருந்து உதவிய வில்லியம் ஙிடி என்ற சூலுக்காரர், இந்த வெள்ளம், பேழை எல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று கேட்டுவிட்டார். பிஷப்பால் ஆமென்று சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆறு லட்சம் ஆண்கள் எகிப்திலிருந்து புறப்பட்டார்கள் என்றால், சபை முழுவதும் ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் கூடியது என்றால், வாசல் எத்தனை அகலம், வரிசை எத்தனை மைல்? 1862இல் புத்தகமாக வந்தது. மறு வருசம் கேப்டவுனில் அவரை விசாரித்துப் பதவி நீக்கத் தீர்ப்பு எழுதினார்கள்.

ஙிடியும் சட்டாம்பிள்ளையும் நாவலரும் மூன்று தினுசான வாசகர்கள். நம் இதழுக்கு நெருக்கமானவர் ஙிடிதான். நாவலரிடம் நமக்கு மதிப்பு உண்டு, ஆனால் ஒரு மனக்குறையும் உண்டு. லேவியராகமத்தின் மேல் வைத்த கண்ணைப் பெரியபுராணத்தின் மேல் அவர் வைக்கவில்லை. அந்தக் கண்ணை இரண்டு பக்கமும் திருப்பியவர்கள் 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார். 1882 முதல் 1888 வரை வந்த அவர்களது ‘தத்துவவிவேசினி’ இந்து மதத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒரே குரலில் கேள்வி கேட்டது. பேராசிரியர் வீ. அரசு தொகுத்த அந்தப் பக்கங்களைப் புரட்டினால், சிற்றிதழ் என்று நாம் இன்று செய்வதில் பாதி அங்கேயே நடந்து முடிந்திருப்பது தெரியும்.

யோசுவா எரிகோவின் மதிலைக் கொம்பூதி விழவைத்து, ஆண் பெண் குழந்தை மாடு ஆடு எல்லாவற்றையும் வெட்டினான் என்கிறது விவிலியம். 1952இலிருந்து 1958 வரை அங்கே அகழ்ந்த காதலீன் கென்யன், கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் விழுவதற்கு அங்கே மதிலே இல்லை என்று கண்டார். இதை மேடையில் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. சரி, பக்கத்துக் கழுகுமலைக்கு வாருங்கள். சம்பந்தர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்பது நம் புராணம். கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரர் உருவங்கள் அதற்குப் பிந்தியவை, எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஊர் ஊராக இருந்து சமணருக்குக் கொடை வந்ததைக் கீழே கல்வெட்டுகள் சொல்கின்றன. வேரோடு அழிந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் பாண்டிய நாட்டு நடுவில் சிலை செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடக்காத படுகொலையை நடந்ததாகப் பெருமையோடு எழுதிவைக்கும் ஆசை எருசலேமுக்கு மட்டும் உரியதில்லை.

இந்த இரண்டாவது பாதியைச் சொல்லத் தயாராக இல்லாதவர்களும் இப்போது விவிலிய விமரிசனம் பேசுகிறார்கள். ஐரோப்பிய ஆய்வாளர்களின் முடிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டுப் புராணத்தைத் துணிபோட்டு மூடிக்கொண்டு, சிறுபான்மையினர் மேல் வீசுகிறார்கள். நம் கட்டுரைகளிலிருந்தும் வெட்டி எடுத்து வீசுவார்கள். அதற்குப் பயந்து எழுதாமல் இருக்கவும் மாட்டோம், பாதியை மட்டும் எழுதிக்கொடுக்கவும் மாட்டோம். கொஞ்சம் வசவு இரண்டு பக்கமும் வரும். 2006இல் ‘டாவின்சி கோட்’ படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது; சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. ஒரு ஹாலிவுட் கற்பனைக் கதைக்கே அந்தப் பாடு. மத உணர்வைப் புண்படுத்துவதற்கான பழைய 295ஏ பிரிவு இப்போது 299 என்று எண் மாறி இருக்கிறது, அவ்வளவுதான். மனம் புண்பட்டது என்று புகார் கொடுக்க அட்டையைப் படித்தவருக்கும் உரிமை உண்டு, அதிகாரத்தைப் படித்தவருக்கும் உண்டு. புகார் கொடுப்பவர் அந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் நமக்கு வேலை சுலபம்.

அடுத்த இதழிலும் இது தொடரும். நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரம் பற்றி ஒரு கட்டுரை, சங்கரன்கோவில் தல புராணம் பற்றி ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து வரும். எழுத விரும்புகிறவர்கள், விசுவாசிகளும்தான், பழைய மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகிறார்களா 1995இன் திருவிவிலியத்தையா என்பதை முதலிலேயே குறிப்பிடவும். வசன எண் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.