பிள்ளைகளை மலைக்கு அனுப்புங்கள்

தேசிய மாணவர் படையின் மலைப் பயிற்சி முகாமுக்கு மகனை அனுப்பலாமா, கூடாதா என்று யோசிக்கும் தகப்பனாரின் மேஜைமேல் ஒரு காகிதம் கிடக்கிறது. 'என் பூரண சம்மதத்தின்பேரில் என் மகன் வருகிறான். அவனுக்கு எது நேரிட்டாலும் அதற்கு முகாம் அதிகாரிகளோ பள்ளிக்கூடத்தாரோ உத்தரவாதிகளல்லர்' என்பது அதன் சாரம். படித்ததும் தகப்பனார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். தாயார் வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்வதற்கு முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது.

பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அந்தக் காகிதத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயமே. ஒன்றைவிட்டு மற்றொன்றை நாம் சொல்லவில்லை.

மாணவருக்கு ராணுவப் பயிற்சி என்பது நம் தேசத்தில் புதிதல்ல. முதல் மகாயுத்தத்தின்போது, 1917ல், வெள்ளைக்கார சர்க்கார் தன் தேவையை முன்னிட்டு சர்வகலாசாலைகளில் மாணவர் படையைத் தொடங்கிற்று. 1920க்குப்பின் அது வேறு பெயர் பெற்றது. 1942ல் இன்னொரு பெயர் பெற்றது. பெயர் மாறியதேயன்றி, அந்நியருக்குச் சலாம் வைக்கும் வேலை மாறவில்லை. சுதந்திரம் கைக்கெட்டும் தருணத்தில், 1946ல், பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ருவின் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. அதன் சிபார்சின்மேல் 1948ல் சட்டம் பிறந்து, அவ்வாண்டு ஜூலை மாதம் 15ந் தேதி தேசிய மாணவர் படை தோன்றியது. மறுவருஷமே பெண்கள் பிரிவும் ஏற்பட்டது. இந்தச் சட்டத்தின் ஒரு ஷரத்தைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். படையில் சேர்ந்த காரணத்தால் மட்டும் எந்த மாணவனும் யுத்தகளத்துக்குப் போகக் கடமைப்பட்டவனாக மாட்டான் என்று அது தெளிவாகச் சொல்கிறது. 'இன்று முகாம், நாளை பட்டாளம்' என்று அஞ்சுகிற பாட்டிமார்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் புண்ணியமுண்டு.

படை பிறந்ததற்குக் காரணம் ஒழுங்கும் ஒற்றுமையும் வளரவேண்டுமென்பது. ஆனால் மைதானத்தில் மட்டும் அவை வளர்ந்துவிடுமா? வாரத்தில் ஓரிரு நாள் காலையில் பூட்ஸுக்கு மெருகிட்டு, வரிசையில் நின்று, இடது வலது என்று கால் மாற்றி, வருகிற பெரிய மனிதருக்கு மரியாதை அணிவகுப்புச் செய்வதோடு பெரும்பாலோரின் பயிற்சி தீர்ந்துவிடுகிறது. அது தவறென்று நாம் சொல்லவில்லை. சேர்ந்து நடக்கக் கற்றுக்கொள்வது எவருக்கும் நல்லதே. எனினும் அங்கே மாணவன் யோசிக்க வேண்டிய தேவை எழுவதேயில்லை; அவனுக்காக வேறொருவர் யோசித்துக் கட்டளையிட்டுவிடுகிறார். அந்தக் கட்டளை எந்த பாஷையில் இருக்கவேண்டும் என்பதில் ஒரு காலத்தில் பெருஞ் சண்டையே மூண்டது. ஹிந்திக் கட்டளைச் சொற்களை நீக்கவேண்டுமென்று 1968 ஜனவரியில் நமது சட்டசபை தீர்மானமே போட்டது. அந்த விவாதத்துக்குள் நாம் இப்போது புகவில்லை. மலைமீது ஏறுகிறவனுக்குக் கட்டளைகளே மிகக் குறைவு என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

நீலகிரியில் உதகமண்டலத்தை மையமாகக் கொண்டு பல ராஜ்யங்களின் மாணவர்களும் கலந்துகொள்ளும் நடைப்பயண முகாம்கள் நடந்திருக்கின்றன. அத்தகைய முகாமில் ஒரு பையன் என்ன செய்கிறான்? விடியுமுன் எழுகிறான். பனியில் விரல் விறைத்திருக்கக் கூடாரக் கயிற்றை அவிழ்க்கிறான். தன் படுக்கை, தன் தட்டு, தன் தண்ணீர் எல்லாவற்றையும் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு 10, 15 கிலோமீட்டர் நடக்கிறான். வழி காட்டப் பலகை கிடையாது. சர்வே இலாகாவின் படமும் திசைகாட்டும் கருவியுமே உண்டு. படத்தில் 2 சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் புத்தகத்தில் படித்தவன், கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் செங்குத்து என்பதைத் தன் மூச்சிரைப்பால் அறிந்துகொள்கிறான். மேகம் இறங்கிச் சோலையையும் புல்வெளியையும் ஒன்றாக்கி மூடிவிடும்போது, முன்னேறுவதா, நிற்பதா, வந்த வழியே திரும்புவதா என்று அவனே தீர்மானிக்க வேண்டும். தவறாகத் தீர்மானித்தால் அவனோடு பத்துப்பேர் குளிரில் வாடுவார்கள். காட்டெருமை நிற்கும் சரிவில் உரக்கப் பேசலாகாது என்பதையும், களைத்துப் பின்தங்குகிறவனை முன்னால் விட்டு அவன் நடைக்கு மற்றவர் நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்பதையும் எந்த வகுப்பிலும் உபாத்தியாயர் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லித்தர முடியாது. இழுத்தால் இறுகாத முடிச்சு ஒன்றைக் கட்டக் கற்றுக்கொண்டு, அதை நம்பிப் பாறையில் தொங்கிய பெண், பரீட்சை மண்டபத்தில் நடுங்குவாளா?

சாப்பாட்டுப் பந்தியையும் சொல்லவேண்டும். ஒரே கொப்பரை, ஒரே அகப்பை, புல்தரையே பந்தி. பரிமாறுகிறவன் எந்தக் குலம் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. பசி அவ்வளவு. சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி போட்டதால் 1924, 1925ம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு தேசிய இயக்கமே இரண்டுபட்டதை அறிந்தவர்கள், இந்தப் பந்தியை அற்பமென்று தள்ளமாட்டார்கள்.

அந்தக் குருகுலத்தை ஸ்தாபித்த ஸ்ரீ வ. வே. சு. அய்யரையும் இங்கே நினைக்கிறோம். சட்டம் படிக்க லண்டன் சென்று தேசபக்தராகத் திரும்பியவர்; வாலிபருக்குப் புத்திப் பயிற்சியோடு உடற்பயிற்சியும் வேண்டுமென்று வற்புறுத்தியவர். 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்துவிட்ட தம் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து, அவரும் மூழ்கி இறந்தார். அவரது வீரத்தில் குறையில்லை. ஆனால் மலையும் நீரும் வீரத்தை மட்டும் பார்த்து வழிவிடுவதில்லை. கயிறும், கயிறு பிடிக்கத் தெரிந்த நாலு பேரும் கரையில் தயாராக நிற்பது வீரத்தைவிட அவசியம்.

2018 மார்ச் 11ந் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் நேர்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மாசிக் கடைசியில், புல் காய்ந்து சருகாகக் கிடக்கும் காலத்தில், கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கிய நடைப்பயணக் கூட்டங்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் மாண்டனர். அவர்கள் மாணவர் படையினர் அல்லர். பெரும்பாலோர் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களும் யுவதிகளும். அதன்பின் மலையேற்றத்துக்கு சர்க்கார் விதிகள் வகுத்தது நியாயமே. ஆனால், 'குரங்கணியைப் பார்த்தீர்களா?' என்று சொல்லியே ஹெட்மாஸ்டர்கள் சிலர் எல்லா முகாமுக்கும் கதவடைப்பது நியாயமல்ல. குரங்கணி சொல்லும் பாடம், காலமறியாமல், காட்டிலாகாவின் துணையில்லாமல், தப்பும் வழி பார்த்துவைக்காமல் ஏறலாகாது என்பதே. இவற்றையெல்லாம் முறையாகக் கற்ற பையன், பிற்காலத்தில் தன் நண்பர்களோடு மலைக்குப் போகும்போது அவர்களுக்கும் பாதுகாப்பாவான். முகாமுக்குப் போகாதவன் மலைக்கே போகாமல் இருந்துவிடப் போவதில்லை. கையில் டெலிபோனும் காலில் செருப்புமாக அவனும் ஒருநாள் ஏறத்தான் போகிறான்.

இனி, அந்தக் காகிதம். வக்கீல் தொழில் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறோம்: அது பெற்றோரை மிரட்டப் பயன்படுமேயன்றி, அதிகாரிகளைக் காப்பாற்றப் பயன்படாது. 1995ல் பள்ளிப் பிள்ளைகளை பியாஸ் நதிக்கரைக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றார்கள். உபாத்தியாயர்களின் அஜாக்கிரதையால் 14 பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்தனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை சென்றது. 2001ல் அக்கோர்ட், இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈட்டை ஊர்ஜிதம் செய்தது. பிள்ளைகளைத் தன் பொறுப்பில் அழைத்துச் செல்பவனுக்கு அவர்களைக் காக்கும் கடமை உண்டு. தகப்பனார் கையெழுத்தை வாங்கிவைத்துக்கொண்டு அந்தக் கடமையைக் கழற்றி வைத்துவிட முடியாது. அப்படியிருக்க, உத்தரவாதமில்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதன் அர்த்தமென்ன? ஜாக்கிரதையாக இருக்கப்போவதில்லை என்று அதிகாரி தாமே எழுதிக்கொடுப்பது போலல்லவா அது ஒலிக்கிறது?

பெற்றோரின் பீதிக்கு மலையைவிடப் பெரிய காரணம் ஒன்று 2024 ஆகஸ்டில் நேர்ந்தது. கிருஷ்ணகிரி ஜில்லாவில், மாணவர் படைப் பிரிவே இல்லாத ஒரு தனியார் பள்ளியில், அப்படையின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்த வஞ்சகர்கள் முகாம் நடத்தினார்கள். அங்கே ஒரு சிறுமிக்குக் கொடுமை இழைக்கப்பட்டது. அந்தப் பள்ளிக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று மாணவர் படையார் அறிவித்தது உண்மையே. ஆனால் அந்த அறிவிப்போடு விஷயம் தீரவில்லை. காக்கி உடுப்பைக் கண்டதும் 'யார் அனுப்பினார்கள், உத்தரவு எங்கே' என்று கேட்கும் தைரியம் ஒரு பள்ளி நிர்வாகத்துக்கு ஏன் இல்லாமற்போயிற்று? உடுப்புக்குப் பணியும் அந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற சொத்து. அதை நாமும் பள்ளிக்கூடத்திலேயே பயிரிட்டு வளர்த்துவிட்டோம்.

2025 மே மாதம் 18ந் தேதி மாணவர் படையைச் சேர்ந்த பத்து இளைஞரும் யுவதிகளும் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின; நாமும் மகிழ்ந்தோம். ஆனால் படையின் பிள்ளைகள் பத்துப்பேரல்ல, பல லட்சம். அவர்களில் பெரும்பாலோருக்கு எவரெஸ்ட் வேண்டாம்; ஏற்காடோ, கொல்லிமலையோ, பொதிகையின் அடிவாரமோ போதும். தங்கள் ஜில்லாவின் எல்லையிலேயே மலை நின்றும், ஒருநாளும் அதன்மேல் படுத்துறங்காமல் பயிற்சியை முடித்துச் சர்ட்டிபிகேட் வாங்குகிறவர்களை நினைத்தால் நமக்கு வருத்தமாயிருக்கிறது. சிகரத்துக்குப் போகும் செலவோடு அடிவாரத்துக்குப் போகும் செலவையும் பட்ஜெட்டில் சேர்க்கட்டும்.

காகிதத்தையும் மாற்றட்டும். உத்தரவாதமில்லை என்னும் வரியை அடித்துவிட்டு, அவ்விடத்தில் முகாமுக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயர், அவருடைய படைப்பிரிவு, முகாமுக்கு அனுமதியளித்த உத்தரவின் எண், மாணவிகளோடு இரவும் பகலும் தங்கும் பெண் அதிகாரியின் பெயர், ஏறும் பாதை, காட்டிலாகாவின் அனுமதி, அருகிலுள்ள ஆஸ்பத்திரி, அதற்கு எத்தனை நாழிகைப் பயணம் என்பவற்றை அச்சிடட்டும். கீழே முதல் கையெழுத்தை அந்த அதிகாரி போடட்டும். இரண்டாவது கையெழுத்து ஹெட்மாஸ்டருடையதாக இருக்கட்டும். அத்தகைய காகிதம் மேஜைமேல் வந்தபிறகும் தகப்பனார் பேனாவை மூடிக்கொண்டால், அப்போது அவரை நாம் கேட்டுக்கொள்கிறோம்.