குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்: ‘அரிய நோய்’ என்ற சாக்கு யாருக்கு வசதி?

16 கோடி ரூபாய் ஊசி என்றால் தொலைக்காட்சி வருகிறது. தசைநார்ச் சிதைவு நோய்க்கான அந்த ஒற்றை ஊசிக்காகப் பெற்றோர் இணையத்தில் கையேந்தி நிற்பதை நாம் எல்லோரும் பகிர்ந்திருக்கிறோம், நம்மால் ஆன நூறு இருநூறையும் அனுப்பியிருக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால், தோழர்களே, ஒன்றிரண்டு ரூபாய் மாத்திரை தேவை என்று யாரும் கண்டுபிடிக்காததால் மூளை வளர்ச்சி நின்றுபோகும் குழந்தைக்கு எந்த கேமராவும் வருவதில்லை.

பிறவித் தைராய்டு குறைபாட்டைச் சொல்கிறோம். தைராய்டு சுரப்பி சரியாக உருவாகாமலோ வேலை செய்யாமலோ குழந்தை பிறக்கும். பார்த்தால் தெரியாது. நன்றாகத் தூங்கும், அதிகம் அழாது, பால் கொஞ்சமாகக் குடிக்கும், மஞ்சள் காமாலை இறங்க நாளாகும். “சாதுவான பிள்ளை, தொந்தரவே இல்லை” என்று அப்பத்தா மெச்சிக்கொள்வார். முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும். மாதக்கணக்கில் தாமதித்தால், போன வளர்ச்சியை எந்த ஆஸ்பத்திரியாலும் முழுதாக மீட்டுத் தர முடியாது.

கண்டுபிடிப்பது ராக்கெட் விஞ்ஞானமா? பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்துக் காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். பினைல்கீட்டோனூரியா என்ற வேறொரு நோயைக் கண்டுபிடிக்க ராபர்ட் கத்ரி அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. காய்ந்த தாளைச் சாதாரணத் தபாலில்கூட அனுப்பலாம். ராமேஸ்வரத்தில் தபால் நிலையம் இருக்கிறது.

‘அரிய நோய்தானே’ என்பார்கள். ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து ஐ.சி.எம்.ஆர். 2018இல் வெளியிட்ட ஆய்வில், 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறைபாடு. சென்னையில் 727இல் ஒன்று. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8 லட்சம் குழந்தைகளுக்கு மேல் பிறக்கிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்தாலும் ஆண்டுக்கு 700 குழந்தைகள். ஒரு முழு மேல்நிலைப் பள்ளி நிறையும்.

2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையைப் படித்துப் பாருங்கள். போதிய தரவு இல்லாததால் அரிய நோய் எது என்று வரையறுக்க முடியவில்லை என்று அதுவே சொல்கிறது. தரவு ஏன் இல்லை? எல்லாக் குழந்தைகளையும் சோதிக்காததால். ஏன் சோதிக்கவில்லை? அரிய நோய் என்பதால். இந்த வட்டத்துக்குள் நம் பிள்ளைகளைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். சிகிச்சைக்காக அந்தக் கொள்கை முதலில் அறிவித்த 8 உயர் சிறப்பு மையங்களில் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டமோ 30 குறைபாடுகளைப் பட்டியலிட்டு, பிறவித் தைராய்டைக் கடைசியில் ‘விருப்பத்துக்குரியது’ என்று ஒதுக்கிவைத்தது. யாருடைய விருப்பம்? காசுள்ளவர்களின் விருப்பம். பெருநகரத் தனியார் மருத்துவமனையில் இதே சோதனை பிரசவ ‘பேக்கேஜ்’ உள்ளே வந்துவிடுகிறது.

நம் கடற்கரைக்கு வருவோம். மண்டபம் முகாமில் இருக்கும் ஈழ அகதிப் பெண், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பாம்பன் பெண், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து நம் பெண்கள். இவர்களெல்லாம் அரசு மருத்துவமனையைத்தான் நம்பி வருகிறார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, 2018இல் ராமநாதபுரத்துக்கு ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று நிதி ஆயோக் பெயர் வைத்தது. விழைவதெல்லாம் சரி. இங்கே பிரசவித்த அம்மாக்களிடம் “பிள்ளைக்குக் குதிகாலில் ரத்தம் எடுத்தாங்களா?” என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சோதிக்காத அந்தக் குழந்தை ஆறு வயதில் பள்ளிக்கு வருகிறது. எழுத்து நிற்கவில்லை, பேச்சு தாமதம், உயரம் குறைவு. ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளையாக இருந்தால் “டாக்டரிடம் காட்டுங்கள்” என்பார்கள். காலனிப் பிள்ளை என்றால்? “இதுகளுக்குப் படிப்பு ஏறாது.” கடைசி பெஞ்ச், கால்நடை, செங்கல் சூளை. ஒரு ஹார்மோன் குறைபாட்டைச் சாதியின் இயல்பாக வாசிக்கிற சமூகம் இது. சொந்த வீட்டிலேயோ தோஷம், முன்வினை என்று சொல்லி, கடன் வாங்கி ராமேஸ்வரத்தின் 22 தீர்த்தத்திலும் குளிக்க வைப்பார்கள். மாற்றுத்திறனோடு வாழும் நம் பிள்ளைகள் யாருக்கும் சுமை இல்லை, அவர்களின் உரிமைக்காகவும்தான் நிற்கிறோம். தடுத்திருக்கக்கூடிய ஒன்றைத் தடுக்காமல் விட்டுவிட்டு விதி என்பதைத்தான் குற்றம் என்கிறோம்.

இன்னொரு பிறவிக் குறைபாடு, அட்ரினல் சுரப்பியில் வருவது, அவகாசமே கொடுக்காது. பெண் குழந்தையிடம் பிறக்கும்போதே உடலில் அடையாளம் தெரியலாம். ஆண் குழந்தையிடம் பெரும்பாலும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் வாந்தி, உடலில் உப்பும் நீரும் வற்றி மரணம். ‘வாந்தி பேதியில் போச்சு’ என்று புதைத்துவிடுவார்கள். அதையும் அதே வடிதாளில் கண்டுபிடிக்கலாம்.

“சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிறீங்க, அதான்” என்று மேசைக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு பதில் தயாராக வரும். முதலில், பிறவித் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவதே அல்ல. பரம்பரையாக வருகிறவற்றைப் பேசுவதென்றால் முழுதாகப் பேசுவோம். சாதியின் அடிப்படை அகமணம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் கட்டுரை வாசித்தார். நூற்றாண்டு கழித்து, 2017இல், ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்டோர் தெற்காசியாவின் பல சமூகக் குழுக்களில் தலைமுறை தலைமுறையான அகமணம் பரம்பரை நோய்களைக் குவித்து வைத்திருப்பதைக் காட்டினார்கள். அதில் ‘உயர்ந்த’ சாதிகளும் உண்டு. ரத்தத் தூய்மை பேசியவர்கள் சேர்த்து வைத்த சொத்து அது. மாமன் மகளைக் கட்டியதற்காக ஓர் ஏழைத் தாயைக் குற்றவாளியாக்கும் வாய், சாதிக்குள் மட்டுமே கட்ட வேண்டும் என்று அரிவாள் தூக்குபவனிடம் மரபணு வகுப்பு எடுக்குமா?

பணம் இல்லை என்ற பேச்சும் எடுபடாது. கோவா 2008இல் அரசுத் திட்டமாகத் தொடங்கியது. கேரளத்தின் அரசு மருத்துவமனைகளில் நான்கு குறைபாடுகளுக்குச் சோதிக்கிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத இலங்கை, 2010இல் தென் மாகாணத்தில் தைராய்டுக்குத் தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் விரித்தது. தமிழ்நாட்டிலோ கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். கர்ப்பிணிக்கு பிக்மி எண் இருக்கிறது, பிறந்ததும் பி.சி.ஜி. போடுகிறோம், தாயும் சேயும் வார்டில்தான் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. அதே பையில் தைராக்சினும் வரட்டும். நம் வாலிநோக்கம் உப்பளத்தில் அரசு நிறுவனமே உப்பு விளைவிக்கிறது. தைராய்டுக்காக உப்பில் அயோடின் சேர்க்கத் தெரிந்த அரசுதான் இது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருப்போம். ஒடுக்கப்பட்டவர்களின் ரத்தத்தை எடுத்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் நீரிழிவு ஆய்வுக்கென்று எடுத்த ரத்தத்தை மனநோய் ஆய்வு வரை பயன்படுத்தினார்கள். வழக்குப் போட்டு 2010இல்தான் இழப்பீடும் மிச்ச ரத்தமும் திரும்பி வந்தன. ஆகவே தாயின் ஒப்புதல், தமிழில் விளக்கம், சோதனை முடிந்ததும் தாளை அழிப்பது, இவை மூன்றும் அரசாணையிலேயே வர வேண்டும். மாதிரித் திட்டம் என்று சில மாவட்டங்களோடு நிறுத்தும் வேலையும் வேண்டாம். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, டெல்லியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

மாணவத் தோழர்கள் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் வட்டார அரசு மருத்துவமனையில் போன ஆண்டு எத்தனை பிரசவம், எத்தனை குழந்தைக்குக் குதிகால் ரத்தச் சோதனை, முடிவு வர எத்தனை நாள், குறைபாடு உறுதியான குழந்தைகளில் எத்தனை பேர் இன்று மாத்திரை வாங்குகிறார்கள். இந்த நான்கு கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போய்த் தீர்மானம் கேளுங்கள்.