கதை வழியே இயற்கணிதம்: எந்தப் புத்தகத்தை வாங்கலாம்?



கணக்கு என்றாலே காத தூரம் ஓடும் என் வகுப்புத் தோழர்கள் தலைப்பைப் பார்த்ததும் நகர்ந்துவிட வேண்டாம். இது நமக்குமான விஷயம்தான். ஆறாவதிலோ ஏழாவதிலோ ஒரு நாள் திடீரென்று கரும்பலகையில் எண்ணுக்குப் பதிலாக "எக்ஸ்" என்று ஓர் எழுத்து வந்து உட்கார்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது ஏன் வந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமலேயே பத்தாவது வரை ஓட்டியவர்கள்தான் அதிகம்.

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. பள்ளியில் புரியாவிட்டால் பக்கத்து பெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் மஞ்சக்குட்டை மாதிரி மலை மேல் இருக்கும் ஊரில், வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அப்பா அம்மாவை விட்டால் புத்தகம்தான் வாத்தியார். அட்டையில் "கதை வழியே கணக்கு" என்று போட்டிருந்தால் போதும், வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், போதாது.

"ராமு கடைக்குப் போனான். 3 எக்ஸ் + 5 = 20 என்றால் எக்ஸ் எவ்வளவு?" இந்த மாதிரிக் கணக்கில் ராமு எதற்கு? :-) கதையை எடுத்துவிட்டாலும் கணக்கு அப்படியே நிற்கிறது என்றால், அது கசப்பு மாத்திரைக்குத் தடவிய சர்க்கரை, அவ்வளவுதான். நல்ல புத்தகத்தில் அந்த எழுத்துக்கான தேவை கதைக்குள்ளேயே பிறக்க வேண்டும்.

பாஸ்கராச்சாரியார் 1150ல் எழுதிய லீலாவதியில் ஒரு தேனீக் கணக்கு வருகிறது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கும் போகின்றன. இந்த இரண்டு பங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு மூன்றாவது பூவுக்குப் போகின்றன. மிச்சம் ஒரே ஒரு தேனீ, எங்கே போவதென்று தெரியாமல் சுற்றுகிறது. மொத்தம் எத்தனை? மொத்தமே தெரியாதபோது எதில் பங்கு போடுவது? தெரியாத அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்தால் வழி சுலபமாகிவிடும். (விடை 15. 3, 5, 6, 1 என்று கூட்டிப் பாருங்கள்.)

ஆனால் எழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஒளிந்திருக்கும் ஒரே எண்ணை மட்டும் குறிப்பதில்லை, எந்த எண் வந்தாலும் பொருந்தும் விதியையும் சொல்கிறது. நம் காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை எண்ண ஒரு வழி: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. எக்ஸ் என்ற எழுத்தே இல்லாமல் ஒரு சூத்திரம்! பழத்தை வெட்டி எண்ணிப் பார்த்தால் விதி பொருந்துகிறதா இல்லையா என்றும் தெரிந்துவிடும். பொருந்தாவிட்டாலும் அது ஒரு பாடம்தான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதைத் தாண்டினால் மிச்சம் 13, பன்னிரண்டாவதைத் தாண்டினால் மிச்சம் 8. எத்தனை தாண்டினாலும் 20லிருந்து அதைக் கழி. பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க வளைவை எண்ணும் பிள்ளை, தனக்கே தெரியாமல் இயற்கணிதம் படிக்கிறது.

சரி, வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு வருவோம். ஹோம் ஸ்கூலிங் பெற்றோர்கள் அடிக்கடி சொல்வது ஸ்டான்லி ஷ்மிட் எழுதிய 'லைஃப் ஆஃப் ஃப்ரெட்' வரிசை. ஐந்து வயதிலேயே பல்கலைக்கழகப் பேராசிரியராக இருக்கும் ஒரு பொடியனின் கதை. இயற்கணிதத்துக்கு முந்தைய நிலைக்கே இயற்பியல், உயிரியல், பொருளாதாரம் சேர்த்து மூன்று புத்தகங்கள் உண்டு. ஃப்ரெட்டின் வாழ்க்கையில் தேவை வரும்போதுதான் கணக்கு வருகிறது என்பதால் என் சோதனையில் அது பாஸ். ஆனால் தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம், டாலர், அமெரிக்கா என்று எக்ஸுக்கு முன்னாலேயே மூன்று தடைகள். பிரேசில் ஆசிரியர் ஒருவர் மல்பா தஹான் என்ற புனைபெயரில் 1938ல் வெளியிட்ட 'எண்ணும் மனிதன்' கதையில் வரும் 35 ஒட்டகப் பங்கீடு பெரியவர்களையே திகைக்க வைக்கும். ஆனால் அது ரசிக்க. பயிற்சி செய்ய அது மட்டும் போதாது.

எனவே வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகள்:

1. கதையை மறைத்தால் கணக்கு தடுமாறுகிறதா? தடுமாற வேண்டும்.
2. ஒளிந்த எண், எல்லா எண்ணுக்குமான விதி, இரண்டும் வருகின்றனவா?
3. விடை மட்டும் இல்லாமல் வழியும் இருக்கிறதா? வாத்தியார் இல்லாத வீட்டில் இது கட்டாயம்.
4. பிள்ளை யோசிக்கும் மொழியில் நாம் அதைத் திருப்பிச் சொல்ல முடியுமா?

கூடவே தமிழ்நாடு அரசின் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கதை புரியவைக்கும், பயிற்சிதான் கையில் நிறுத்தும்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம்தான் பத்தாவது எழுதுகிறார்கள். அங்கே கணக்கு கட்டாயப் பாடம் இல்லை. பயந்த பிள்ளை சத்தமில்லாமல் அதை விட்டுவிடலாம். பிறகு இன்ஜினியரிங் என்று ஆசை வந்தால் திண்டாட்டம்தான். அந்தத் தேர்வுக்குச் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். 11 வயதுப் பிள்ளைக்கு முழுதாக மூன்று வருடம் இருக்கிறது. அவசரமே இல்லை. முதலில் ஒரு பலாப்பழத்தில் ஆரம்பியுங்கள். கணக்கு வராவிட்டாலும் சுளையாவது மிஞ்சும்!