தேவ சித்தம்

திருத்தங்கலில் ஒரு துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இறந்தவன் பட்டாசு ஆபீஸில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவன். முப்பது வயது இருக்கும். ஐயர் வந்து ஜெபம் செய்தார். (எங்கள் பக்கத்துப் பழைய சபைகளில் போதகரை ஐயர் என்பது வழக்கம், வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) நல்ல மனிதர், நல்ல ஜெபம். முடித்துவிட்டு, "எல்லாம் தேவ சித்தம் அம்மா. அவருடைய ஞானம் நமக்குப் புரியாது" என்றார்.

பையனின் தாயார் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்புல ஒம்பது பேர உக்கார வச்சது போர்மேன்தான, ஐயரே? அதுல கர்த்தர் எங்க வந்தாரு?"

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே வாசற்படியில் அதே வார்த்தையை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் நான் திண்ணைக்கு வந்திருந்தேன். எழுதிப் பிழைக்கிற எனக்கும் அந்தச் சமயத்தில் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

விசுவாசத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. கடவுளின் ஞானத்தை நம்புகிறவன்தான் நான். நம்புகிறதனாலேயே கேட்கிறேன்: அந்த ஞானம் எங்கே இருக்கிறது? என் புத்திக்கு எட்டிய வரையில், அது மருந்துக்குள்ளேயே இருக்கிறது. கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்தால் லேசான உராய்வே போதும், தீப்பிடித்துவிடும். இது படைத்தவன் வைத்த இயல்பு. இந்த இயல்பைக் கண்டுதான் அந்தக் கலவை கூடாது என்று 1992-இல் நம் நாட்டில் தடை போட்டார்கள். தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், அறைக்கு இத்தனை பேர்தான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் வெறும் சர்க்கார் உத்தரவு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். மருந்தின் சுபாவத்தை அறிந்தவர்கள், இதற்கு முன்னால் செத்தவர்களைப் பார்த்து எழுதிவைத்தது அது. ஆண்டவன் வகுத்த ஒழுங்கை மீறுவது நாம். மீறியதன் பலன் வந்ததும் பழியை அவன் தலையில் போடுவதும் நாமேதான். கடவுளின் பெயரை வீணாக எடுக்கக் கூடாது என்று பத்துக் கட்டளைகளில் ஒன்று உண்டு. சந்தையில் சத்தியம் பண்ணுகிறவனுக்கு மட்டும் சொன்னது என்று அதை ஒதுக்கிவிட்டோம்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். இடையில் ஒன்றும் இரண்டுமாகப் போனவர்களின் கணக்கு அவரவர் வீட்டில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் ஒரே சித்தம் என்றால், அந்தச் சித்தம் ஏன் எப்போதும் கூலிக்காரன் அறையையே தேடிப் போகிறது? முதலாளி வீட்டு மாடியை அது எட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு திருப்பிக் கேட்டார். இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் திரும்புங்கள் என்றார். நாமோ செத்தவன் வீட்டுக்குப் போய் அவளைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறோம். மனம் திரும்ப வேண்டியவன் வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறான்.

அதே இயேசுவைத் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று பிசாசு சொன்னது. அவர் குதிக்கவில்லை. ஒன்பதாவது ஆளையும் உள்ளே விட்டுவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிற போர்மேன் எந்தக் கட்சி என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இதைக் கிறிஸ்தவர்களின் வியாதி என்று மற்றவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். தலைவிதி என்றாலும் இதே சரக்குத்தான். ஆனால் இந்தத் தங்காலுக்கென்று ஒரு பழைய கதை உண்டு. சிலப்பதிகாரத்தில் வருகிறது. தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்பவனைக் குற்றமில்லாமல் சிறையில் போட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் விழுந்து அழுதாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுத்துவிட்டது. பாண்டியன் அதைத் தெய்வ சித்தம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகவில்லை. என்ன அநியாயம் நடந்தது என்று விசாரித்து, அவனை விடுதலை செய்து, மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கதவு திறந்தது. வேதாகமம் தெரியாத அந்த அரசனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடுகளில் புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். வருஷம் முழுவதற்கும் ஒரு வசனம். சிவகாசி அச்சகம் ஒன்றில் அந்த அட்டைகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்; பக்கத்து மிஷினில் முருகன் காலண்டர். நல்ல வசனம் வந்தவன் லாட்டரி விழுந்தவனைப் போலச் சிரித்துக்கொண்டு வருகிறான். சின்ன வயதில், பிடிக்காத வசனத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்து என் பாட்டியிடம் அடி வாங்கியிருக்கிறேன். அட்டையின் மேல் எனக்கு விரோதமில்லை. விசுவாசத்தைத் தேர்ந்துகொள்வது அந்த ஒரு ராத்திரியோடு முடிந்துபோகிறது என்பதுதான் என் வருத்தம்.

தாமஸ் கஜட்டன் ராக்லண்ட் என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர் எடுத்தவர். சென்னையில் மிஷன் காரியதரிசி வேலையை விட்டுவிட்டு, 1854-இலிருந்து இந்தக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்து ஊர் ஊராக நடந்தார். 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் இறந்தார். பலவீனமான உடம்பு. அதைத் தேவ சித்தம் என்று சொல்லிக்கொண்டு படுத்துவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. தினம் விடிந்ததும் எழுந்து அடுத்த ஊருக்கு நடந்தார்.

எனக்குத் தெரிந்த வேறொரு போர்மேன் இருக்கிறார். ஒரு தீபாவளி சீசனில் ஐந்தாவது ஆளை அறைக்குள் விட மாட்டேன் என்று நின்றார். வேலை போயிற்று. இப்போது திருத்தங்கல் ரோட்டில் டீக்கடை. வியாபாரம் சுமார்தான். அவரைச் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டதில்லை. லாரி வாங்கியவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் பேரிலேயே சாட்சி உள்ள ஊர் ஒன்று இருக்கிறது, சாட்சியாபுரம். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த மனிதரின் ஞாபகம் வருகிறது.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாயாரைப் பார்க்கப் போனேன். நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணம். திக்கித் திணறிச் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னீகன்னு எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. திங்கக்கிழமை கலெக்டர் மனு வாங்குறாராம். ஒம்பது பேர் இருந்ததா எழுதித் தாரீகளா?"

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன், போர்மேன் பேரை விட்டுவிட்டீர்களே என்றாள். அதையும் சேர்த்தேன். அவள் கைநாட்டு வைத்தாள்.