பதினெட்டு விதிகளும் ஒரு கரி அடுப்பும்

போன டிசம்பர்ல நண்பர்கள் எட்டு பேர் கொடைக்கானல் போயிருந்தோம். ஹோட்டல்னா ஆளுக்கொரு ரூம்ல அடைஞ்சு கிடக்கணும், காட்டேஜ்னா நாமளே சமைச்சு சாப்பிட்டு விடிய விடிய அரட்டை அடிக்கலாம்னு ரெண்டு நாளைக்கு ஒரு வீட்டையே எடுத்தாச்சு. உள்ள நுழைஞ்சதும் ஹால்ல லேமினேட் பண்ணின அட்டை ஒண்ணு தொங்குது. மொத்தம் பதினெட்டு விதிகள். (ஆமா, எண்ணினேன். வேற வேலை?) சோபாவில் ஈரத்துணி போடாதீர். சுவரில் சாயாதீர். துண்டு தொலைந்தால் 500 ரூபாய். இப்படியே போகுது.

ரெண்டாம் நாள் ராத்திரி வாசல்ல பார்பிக்யூ. கோழி முக்கால் பதம் வந்திருக்கும்போது மழை பிடிச்சுக்கிச்சு. என்ன பண்ணுவோம்? அடுப்பைக் கரியோட தூக்கி ஹால்ல வச்சோம். கோழி வெந்துடும், குளிருக்கும் இதமா இருக்கும்ல! சாரல் அடிக்குதேன்னு ஜன்னலையும் சாத்தியாச்சு.

கம்பளி கொடுக்க வந்த கேர்டேக்கர் அண்ணன் கதவைத் திறந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசலை. அடுப்பைத் தூக்கிட்டுப் போய் வெளிய வச்சார். திரும்பி வந்து எல்லா ஜன்னலையும் திறந்து விட்டார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "தம்பி, இத உள்ள வச்சுட்டு படுத்தா காலைல யாரும் எந்திரிக்க மாட்டீங்க."

எட்டு பேரும் இஞ்சினியரிங் படிச்சவங்க. கார்பன் மோனாக்சைடை ப்ளஸ் டூவுல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவங்க. நிறம் இல்ல, வாசனை இல்ல, ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல வலுவாப் பிடிச்சுக்கும். புகை அடங்கி, கரி செக்கச்செவேல்னு கனியும்போது ஆபத்து இல்லைன்னு நினைக்கிறோம், ஆனா அப்பவும் அந்த வாயு வந்துக்கிட்டேதான் இருக்கும். எல்லாம் தெரியும். அந்த நிமிஷத்துல ஒருத்தனுக்கும் ஞாபகம் வரலை.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம அந்த அட்டையைத் திரும்பவும் படிச்சேன். பதினெட்டுல ஒண்ணு கூட கரி அடுப்பைப் பத்தி இல்ல. அடுப்பையும் கரி மூட்டையையும் வாடகைக்குக் கொடுத்ததே அந்த வீடுதான். துண்டைக் காப்பாத்த விதி இருக்கு, துண்டால தலை துவட்டறவனைக் காப்பாத்த விதி இல்ல.

இந்த மாதிரி வீடு வாடகைக்கு விடறவங்க கிட்ட பேசினா பொதுவா ஒரே புலம்பல்தான். "கெஸ்ட் சரியில்ல சார்." மறுக்கலை. நம்மாளுங்க லட்சணம் நமக்குத் தெரியாதா? ஆனா சாப்ட்வேர் வேலையில நான் அடி வாங்கிக் கத்துக்கிட்ட பாடம் ஒண்ணு இருக்கு. ஒரே தப்பை ஒருத்தன் பண்ணினா அவன் கவனக்குறைவு. பத்து பேர் பண்ணினா நாம எழுதின ஸ்க்ரீன்ல கோளாறு. இந்த வீடுகள்ல நடக்கற பிரச்சனை பெரும்பாலும் ரெண்டாவது ரகம்.

கீசரை எடுத்துக்குங்க. "வெந்நீர் வரலை"ங்கறது மலையில தினசரிப் புகார். 15 லிட்டர் கீசர், 2000 வாட். குழாய்த் தண்ணி 12 டிகிரின்னு வச்சா, 60 டிகிரிக்கு ஏத்த 25 நிமிஷம் ஆகும். பச்சைத் தண்ணி கலந்தா குளிக்கிற சூட்டுல ஏறக்குறைய 25 லிட்டர், அதாவது ஒண்ணேகால் பக்கெட். ஒரே கீசர்ல எட்டு பேர் குளிக்க மூணு மணி நேரத்துக்கு மேல வேணும். பத்து மணிக்கு ஊர் சுத்தக் கிளம்பணும்னா முதல் ஆள் ஆறரைக்கே எந்திரிக்கணும். இதை கீசர் பக்கத்துல ரெண்டு வரியில எழுதி வச்சா யாரு கத்தப் போறா?

அதே மாதிரிதான் கரண்ட். ரூம் ஹீட்டர் 2000 வாட், கீசர் 2000 வாட். ரெண்டும் சேர்ந்தா 230 வோல்ட்ல 17 ஆம்பியருக்கு மேல இழுக்கும். ரெண்டும் ஒரே 16 ஆம்பியர் லைன்ல இருந்தா ட்ரிப் ஆகலாம். ராத்திரி பதினோரு மணிக்கு கேர்டேக்கரை எழுப்பறதுக்குப் பதிலா, "ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க, ட்ரிப் ஆனா பெட்டி படிக்கட்டுக்குக் கீழ" அப்படின்னு ஸ்விட்ச் மேலயே ஒட்டலாம்.

சமையலும் இப்படித்தான். கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 2100 மீட்டர் உயரம். அங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சுடும். திறந்த பாத்திரத்துல பருப்பு வேகறதுக்குள்ள பசி செத்துடும். குக்கர் இருந்தது. ஆனா அதோட ரப்பர் கிழிஞ்சிருந்தது!

வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கிற பிரச்சனையும் உண்டு. 2024 மே 7-லிருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சு. அதைப் பத்தி புக்கிங் சமயத்துல ஒரு வார்த்தை சொல்லாட்டி, குடும்பத்தோட வர்றவர் சோதனைச் சாவடியில வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் இல்லாத போனைத் தடவிக்கிட்டு நிப்பார். அந்தக் கடுப்போடதான் வீட்டுக்குள்ள நுழைவார். அப்புறம் பெட்ஷீட்ல சுருக்கம் இருந்தாக் கூட சண்டைதான்.

சரி, நம்ம பக்கம் என்ன தப்புன்னும் சொல்லிடறேன். ஆறு பேர்னு சொல்லி பத்து பேர் போறது நமக்குக் கை வந்த கலை. "சின்னப் பசங்க, கணக்குல வராது" வேற. படுக்க இடம் பத்தாதுங்கறது மட்டும் இல்லைங்க, ஆறு பேருக்கு நிரப்பின தொட்டி பத்து பேருக்கு மத்தியானமே காலி. லாரித் தண்ணி வர்ற வரைக்கும் வசவு வாங்கறது ஓனர் இல்ல. அவர் மதுரையிலயோ சென்னையிலயோ இருப்பார். கேர்டேக்கர்தான் வாங்குவார்.

பாட்டுச் சத்தமும் அப்படித்தான். 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் அளவு. நாம ரெண்டு நாள் ஆட்டம் போட்டுட்டு இறங்கிடறோம். பக்கத்து வீட்டுல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வருஷம் பூரா அங்கதான் இருக்கு.

இதையெல்லாம் "கூடாது"ன்னு மட்டும் எழுதினா மனுஷன் மீறத்தான் பார்ப்பான். காரணத்தோட சொன்னா பெரும்பாலானவங்க கேட்பாங்க. "11 மணிக்குக் காலி செய்யவும்"ங்கறது அதிகாரம். "ஒரு மணிக்கு அடுத்த குடும்பம் வருது, ஒரே அம்மா மூணு ரூமையும் சுத்தம் பண்ணணும், 11 மணிக்குக் கிளம்பிடுங்க"ங்கறது வேண்டுகோள். விதி ஒண்ணுதான், ஆனா ரெண்டாவதைப் படிச்சா நான் பத்தே முக்காலுக்கே பெட்டியைக் கட்டிடுவேன்.

வீடு வச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஒரு ராத்திரி உங்க வீட்டுலயே கெஸ்டாத் தங்கிப் பாருங்க. கீசரைப் போடுங்க, பருப்பு வேக வைங்க, இருட்டுல ஸ்விட்சைத் தேடுங்க. எங்க தடுமாறினீங்களோ அங்க ஒரு சீட்டு ஒட்டுங்க. அந்தப் பதினெட்டையும் கழட்டிட்டு முதல் வரியா இதை எழுதுங்க: கரி அடுப்பு எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள்ள வரக் கூடாது, அணைஞ்ச மாதிரி இருந்தாலும்.

அந்த அண்ணனுக்குக் கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுத்தோம். தயங்கி வாங்கிக்கிட்டார். "வருஷத்துக்கு நாலஞ்சு தடவ இப்படித் தூக்கி வெளிய வைக்கிறேன் தம்பி" அப்படின்னார். நாலஞ்சு தடவையும் அவருக்குக் கம்பளி கொடுக்கற வேலை இருந்திருக்கு. இல்லாத ஒரு ராத்திரியை நினைச்சாத்தான் பயமா இருக்கு.

பி.கு: துண்டு தொலையலை. எட்டையும் எண்ணிக் கொடுத்துட்டுத்தான் வந்தோம்.