மலை ரயிலுக்கு முந்தைய ரயில்

ஊட்டி ரயில் என்றால் எல்லோருக்கும் ஒரே படம்தான். நீலமும் க்ரீமும் அடித்த குட்டிப் பெட்டிகள், பின்னாலிருந்து மூச்சு வாங்கித் தள்ளும் எஞ்சின், ஜன்னலுக்கு வெளியே கேமராவோடு நீளும் கைகள். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது. 'தில் சே' படத்தில் ஷாருக்கான் ஆடியது இந்த ரயிலின் கூரை மேல். 2005ல் யுனெஸ்கோ பட்டம் வேறு. புகழுக்குக் குறைவே இல்லை.

ஆனால் அந்தக் குட்டி ரயிலின் வாசலில் தினமும் ஆளைக் கொண்டுவந்து இறக்கும் இன்னொரு ரயில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஒன்பது மணி சுமாருக்குக் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ். 12671. இதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. எடுத்தாலும் என்ன தெரியும்? இருட்டில் ஒரு நீளமான வண்டி, உள்ளே குறட்டை!

நீலகிரிக்கு இன்றைக்கு உடனடித் தேவை என்னவென்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பார்க்கிங், மூன்றாவது பாதை, ரோப் கார்... இந்தப் பட்டியலில் வரவேண்டியது, வராமலே போவது, இன்னும் ஒன்றிரண்டு ராத்திரி ரயில்.

கொஞ்சம் பழைய கதை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873ல். மலை ரயில் குன்னூர் வரை ஏறியது 1899ல், ஊட்டியைத் தொட்டது 1908ல். நடுவில் இருபத்தாறு வருஷம் மேட்டுப்பாளையத்தில் இறங்கி குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும்தான் மலை ஏறினார்கள். அகலப்பாதை வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து மீட்டர் கேஜ். ஒரே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இரண்டும். காலை ஆறேகால் வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும், ஏழு பத்துக்கு மலை ரயில் புறப்படும். பல் தேய்த்து ஒரு காபி குடிக்க நேரம் சரியாக இருக்கும். ராத்திரி கடற்கரை ஊரில் தூங்கப் போனவர் மறுநாள் மதியத்தை ஒட்டி 2,200 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார்! கார் இல்லை, டிரைவர் இல்லை, லாட்ஜில் ஒரு ராத்திரி வாடகையும் இல்லை.

சுவிட்சர்லாந்தில் 1982லிருந்து நாடு முழுக்க ரயில் அட்டவணையை மணிக்கு மணி ஒரே ஒழுங்கில் போட்டிருக்கிறார்கள். ஒரு வண்டி வந்தால் அடுத்த வண்டி எதிர் பிளாட்பாரத்தில் ரெடியாக நிற்கவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. மலை ரயிலின் பல்சக்கர முறை ஆப்ட் என்ற சுவிஸ்காரர் கண்டுபிடித்தது. பழைய எஞ்சின்கள் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்தவை. மேட்டுப்பாளையத்தில் அந்த ஆறேகால்-ஏழு பத்து இணைப்பைப் பார்த்தால், எஞ்சினோடு கூடவே அந்த ஊர் புத்தியும் கொஞ்சம் வந்து இறங்கியதோ என்று தோன்றும் :-)

இந்த வண்டியில் யார் போகிறார்கள்? ஹனிமூன் ஜோடிகளும் காலேஜ் டூர் கும்பலும் கண்ணில் படுவார்கள், சத்தமாக இருப்பதால். ஆனால் பாதிப் பேர் சத்தமில்லாதவர்கள். லீவு முடிந்து வெலிங்டன் திரும்பும் பட்டாளத்துக்காரர், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குடும்பம், சென்னையில் படிக்கும் கோத்தகிரிப் பிள்ளைகள், தலைமைச் செயலகத்தில் ஏதோ கையெழுத்துக்கு அலைந்துவிட்டு வரும் சிறு தேயிலை விவசாயி. அப்புறம் டேன்டீ குடியிருப்புக்காரர்கள். 1964ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பிவைத்த தமிழர்களுக்காக 1968ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவை. இன்று அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வர அவர்களுக்கும் ஒரு பெர்த் வேண்டும்.

அவர்கள் தேடுவது ஸ்லீப்பர் கிளாஸ் பெர்த். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஸ்லீப்பர் கட்டணம் மூன்றாம் ஏசி கட்டணத்தில் பாதிகூட வராது. ஜன்னல் திறக்கும், காட்பாடியில் காற்று வரும், ஜோலார்பேட்டையில் டீக்காரர் குரல் வரும், சேலம் தாண்டியதும் போர்வைக்குக் கை போகும். "தம்பி, அம்மாவுக்கு முட்டி வலி, நீங்க அப்பர்ல போய்க்கிறீங்களா?" என்று ஆரம்பிக்கும் லோயர் பெர்த் பேச்சுவார்த்தை அரக்கோணம் வருவதற்குள் முடிந்துவிடும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைதான் மிடில் பெர்த்தைப் போட்டுப் படுக்கலாம் என்பது சட்டம். அந்த எட்டு மணி நேரத்துக்குள் எட்டுப் பேர் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்துத் தூங்கி எழுகிறார்கள். சொகுசு என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் படுத்துக்கொண்டு போக வேறு வழி கிடையாது. ஆம்னி பஸ்காரர்கள் பண்டிகைக்குப் பண்டிகை கேட்கும் தொகை ஊரறிந்த விஷயம்.

இந்தக் கிளாஸ்தான் மெல்ல ஓரம் கட்டப்படுகிறது. பல நீண்டதூர வண்டிகளில் ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஏசி பெட்டி மாட்டுவது சில வருஷங்களாக நடக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த சென்னை-கோவை வந்தே பாரத் பகலில் உட்கார்ந்துகொண்டு போகும் ஏசி வண்டி. 2026 ஜனவரியில் வங்காளத்துக்கும் அசாமுக்கும் நடுவே ஓட ஆரம்பித்த வந்தே பாரத் ஸ்லீப்பரிலோ பெயரில் மட்டும்தான் ஸ்லீப்பர். எல்லாப் பெட்டியும் ஏசி. நல்ல வண்டிதான், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கேள்வி, அது யாருடைய பெர்த்தை எடுத்துக்கொண்டு வருகிறது என்பதுதான்.

ஐரோப்பாக்காரர்கள் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் எல்லாப் பெரிய ஊருக்கும் ராத்திரி ரயில் உண்டு. ஒரு சின்ன அறையில் ஆறு பேர், எதிரெதிரே மூன்றடுக்குப் படுக்கை. நம்மூர் மிடில் பெர்த் தலைவிதி அங்கேயும் இருக்கிறது! மலிவு விலை விமானமும் வேக ரயிலும் வந்ததும் இது வெட்டிச் செலவு என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் ராத்திரி வண்டிகளை மொத்தமாக நிறுத்தியது. பக்கத்திலிருக்கும் சின்ன நாடு ஆஸ்திரியா அதில் ஒரு பகுதியை வாங்கி 'நைட்ஜெட்' என்று பெயர் வைத்து ஓட்டியது. விமானப் புகைக்குக் கூச்சப்பட்ட இளைஞர்கள் வந்து நிறைத்தார்கள். 2021ல் வியன்னா-பாரிஸ், 2023ல் பெர்லின்-பாரிஸ் என்று மூடின தடங்களே மறுபடி திறந்தன. அப்புறம் பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்த, 2025 டிசம்பரில் அந்த இரண்டு நைட்ஜெட்டும் நின்றுபோயின. கூட்டம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இது நல்ல சாட்சி. ராத்திரி ரயிலில் ஒரு பெர்த்தை ஒரு ராத்திரிக்கு ஒருத்தருக்குத்தான் விற்கமுடியும், பகல் வண்டி சீட்டைப் போல மூன்று முறை விற்கமுடியாது. அரசாங்கம் இது வேண்டும் என்று நினைத்தால்தான் ஓடும். நம்மிடம் இன்னும் மூடாமல் இருக்கிறது. மூடிவிட்டு, ஏங்கி, மறுபடி திறக்கும் அந்தச் சுற்றை நாமும் சுற்றவேண்டுமா?

இப்போது மலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சீசனில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழி ஆக்கியும் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. சேரிங்கிராஸில் நிற்கும் காருக்குள் இருப்பவருக்கு அது அரைமணி நேர எரிச்சல். பின்னால் நிற்கும் ஆம்புலன்ஸுக்கு? சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளுக்கு 6,000 வெளி வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பே போட்டது. வியாபாரிகள் கடையடைத்தார்கள், ஓட்டல்காரர்கள் புலம்பினார்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை என்ற வரி மட்டும் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. புதிய மாடல் ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 80 பெர்த். நாலு பேருக்கு ஒரு கார் என்று வைத்தால் ஒரு பெட்டி 20 கார். பத்துப் பெட்டி நிறைய மலைக்குப் போகிறவர்கள் வந்தால் 200 கார் மலை ஏறாமல் நின்றுவிடும். அதுவும் விடியற்காலையில், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் ஓட்டிவந்து கொண்டை ஊசி வளைவில் கண் செருகும் டிரைவர்கள் ஓட்டும் 200 கார்.

"வண்டி மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடுமே, அப்புறம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீலகிரி எக்ஸ்பிரஸிலேயே பெரும்பகுதிக் கூட்டம் திருப்பூரிலும் கோவையிலும் இறங்கிவிடுகிறது. மிச்சம் வருபவர்களில்கூட எல்லோருக்கும் மலை ரயிலில் இடம் கிடைக்காது. அடிவாரத்திலிருந்து ஏறுகிற வழக்கமான வண்டி நாளுக்கு ஒன்று, அதில் நாலைந்து பெட்டி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறவேண்டிய பாதை, இஷ்டத்துக்குப் பெட்டி கோர்க்கமுடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் ரத்து. ஆக மலை ரயில் இதற்குப் பதில் ஆகாது. அதை அதன் அழகுக்காக விட்டுவிடலாம். பதில் பஸ்தான். ஆறேகாலுக்கு வண்டி வந்தால் ஆறரைக்கு ஸ்டேஷன் வாசலிலேயே ஊட்டிக்கு நாலு, கோத்தகிரிக்கு இரண்டு பஸ் நிற்கவேண்டும், அதே டிக்கெட்டில் ஏறும்படி. ரயில் மத்திய அரசு, பஸ் மாநில அரசு என்பதைத் தவிர இதில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை.

பெங்களூர்க் கதை இதைவிட மோசம். ஊட்டிக்கு அங்கிருந்து வரும் கார் கூட்டம் கொஞ்ச நஞ்சமில்லை. பந்திப்பூர் காட்டுப் பாதை ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும், 2009லிருந்து அப்படித்தான், யானைக்கும் மானுக்கும் அது அவசியம். அதனால் காலை ஆறு மணிக்கு கேட் திறக்கக் காத்திருந்து மொத்தமாக முதுமலைக்குள் நுழைகிறார்கள். அந்த ஊரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நேரடி ராத்திரி வண்டி ஒன்றுகூட இல்லை. தெற்கே பார்த்தால் திருநெல்வேலிக்கு வாரம் ஒன்று, 2024 ஜூலையில் வந்த தூத்துக்குடி வண்டி வாரம் இரண்டு. மதுரை, பழனி, பொள்ளாச்சி வழியாக வரும் அந்த வண்டிகளை தினசரி ஆக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தடை எங்கே என்றால், கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இன்னும் ஒற்றைத் தடம். அதில் காலையிலும் மாலையிலும் உள்ளூர் வண்டிகள் ஓடவேண்டும், காரமடைக்காரர்கள் வேலைக்குப் போகவேண்டும். அவர்களை நிறுத்திவிட்டு டூரிஸ்ட்டை ஏற்றுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது தடம் போடத்தான் வேண்டும். இத்தனைக்கும் அது சமவெளி, குகையும் இல்லை பெரிய பாலமும் இல்லை. மலைக்கு மேலே இன்னொரு பாதை வெட்டுவதற்கு முன்னால் செய்யக்கூடிய வேலை இது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்த மண்சரிவைப் பார்த்த பிறகும் மலையை வெட்டலாம் என்று பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இதற்கெல்லாம் வருஷக்கணக்கில் ஆகும் என்றால், நாளைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. மலை ரயில் கீழே வந்து சேருவது மாலை ஐந்தரை மணி வாக்கில். சென்னை வண்டி புறப்படுவது இரவு ஒன்பதுக்கு மேல். நடுவில் கைக்குழந்தைகளோடும் வர்க்கிப் பொட்டலங்களோடும் கேரட் பைகளோடும் அத்தனை பேரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நல்ல காத்திருப்பு அறையும் சுத்தமான கழிப்பறையும் சூடான இட்லியும் கொடுக்க ஒற்றைத் தடம், இரட்டைத் தடம் எதுவும் தேவையில்லை.