மலையைக் குடைவது கட்டடம் கட்டுவதாம்!



தனி மனுசன் பேசுவது ஒரு மாதிரி. நிறுவனம் பேசுவது ஒரு மாதிரி. சர்க்கார் பேசுவது வேறொரு மாதிரி. நாம் மந்தையில் நின்று வாயால் பேசுகிறோம். அவர்கள் காகிதத்தில் பேசுகிறார்கள். கோர்ட்டும் கச்சேரியும் காகிதத்தைத்தான் கேட்கும். பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையே இதற்குச் சாட்சி.

மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் இரும்பில் கருவி வைத்து, நியூட்ரினோ துகளை ஆராய்வதுதான் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

விஞ்ஞானிகள் சொன்னார்கள்: "நியூட்ரினோவால் தீங்கில்லை. ஒவ்வொரு வினாடியும் கோடானுகோடி துகள் நம் உடம்பு வழியாகவே போகிறது." நிஜம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்டது அதுவா? வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்னாகும், பெயர்த்த கல்லை எங்கே கொட்டுவீர்கள், ஆடு மாடு மேய எந்தப் பக்கம் போகும் என்றுதானே கேட்டோம்? அதற்கெல்லாம் அறிக்கையைக் காட்டினார்கள். அறிக்கை இங்கிலீஷில், நம்ம கேள்வி தமிழில்! இது நிறுவனத்தின் பாஷை.

சர்க்காரின் பாஷை இன்னும் நுணுக்கமானது. 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்தது. அறிக்கை தயாரித்த சலீம் அலி பறவையியல் மையத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பது காரணம். 2018 மார்ச்சில் அமைச்சகம் மறுபடியும் அனுமதி கொடுத்தது. எந்த இனத்தில் தெரியுமா? 'கட்டடம், கட்டுமானம்' என்ற 8(அ) இனத்தில்! 2006ஆம் வருச அறிவிக்கைப்படி அந்த இனத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. ஊரின் வாயை அடைக்க போலீஸ் வேண்டாம், லத்தி வேண்டாம். ஒரு வார்த்தை போதும்!

ஆனாலும் இன்றுவரை சுரங்கம் தோண்ட முடியவில்லை. திட்டத்துக்கு சுமார் 27 எக்டேர் புறம்போக்கை ஒதுக்கிய அதே தமிழக அரசு, 2022 பிப்ரவரியில் அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் எழுத்து மூலமாகச் சொன்னது. கோட்டையின் காகிதம் தானாகவா மாறியது? ஊர் சொன்னதை இயக்கங்களும் கட்சிகளும் தெருவில் பேசின, மனுவாக எழுதி வழக்கும் போட்டன. போராட்டமும் காகிதமும் இரட்டை மாடு மாதிரி. ஒன்றை அவிழ்த்துவிட்டால் ஏர் நகராது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். கோர்ட்டில் ஏட்டில் இருப்பதுதான் சுரைக்காய்! நியூட்ரினோவுக்கு மட்டுமல்ல, கல்குவாரியானாலும் சரி, கண்மாய் ஆக்கிரமிப்பானாலும் சரி, வழி இதுதான். ஆகவே:

1. கிராமசபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். பெண்களும் பேச வேண்டும்.

2. வருகைப் பதிவேட்டில் வைக்கிற கையெழுத்து வேறு, தீர்மானம் வேறு. தீர்மானத்தை அங்கேயே எழுதச் சொல்லுங்கள், சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

3. தீர்மான நகல் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

4. சர்க்கார் கடுதாசி எது வந்தாலும் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'அனுமதி அளிக்கப்படுகிறது' என்று இருந்தால், அளித்தது யார், யாரைக் கேட்டு என்று எழுதிக் கேளுங்கள்.

நம்ம மலை, நம்ம தண்ணி! நம்மைக் கேட்காமல் எழுதுகிற எழுத்துக்கு நாமும் எழுத்திலேயே பதில் சொல்வோம்.

கிராமசபைக்குத் திரண்டு வாரீர்!